வீட்டுக்கு வீடு லாஸ்லெஸ்

வீடு வீடாகப் போய் மற்றவர்களுடைய பாட்டைச் சுத்தமாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை என்று சொன்னால், பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஆடியோ கடை. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். இணையத்தில் பாட்டு கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இப்போது 'லாஸ்லெஸ்' வேண்டும். வழக்கமாக இணையத்தில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். சுருக்கும்போது கொஞ்சம் போய்விடும். லாஸ்லெஸ் என்றால் ஸ்டூடியோவில் முடித்துக் கொடுத்தது அப்படியே வரும். அப்படி வருவது வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நீங்களும் சந்தா கட்டி, ஸ்பீக்கர் வாங்கி, 'முன்னாடி கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?' என்று வெளியே கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பவரென்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எனக்கு ஒரே ஒரு குறை. பேச வராது. எங்கள் முதலாளி குமரேசன் அண்ணன், வாடிக்கையாளர் வீட்டில் சொல்வதற்கென்றே ஒரு டெமோ பேச்சு தயாரித்து என்னை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். "பாடுறவங்க மூச்சு வுடுறதுகூடக் கேக்கும் சார்" என்று ஆரம்பிக்கும். கடையில் தனியாக இருக்கும்போது அதைத் தடங்கலில்லாமல் சொல்வேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் என் மூச்சே எனக்குக் கேட்காது. "ஆயுத பூஜ வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வாயத் தொறக்கலன்னா பில் கவுன்டர்ல குந்த வச்சிடுவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போய் வந்த பிறகு போன் செய்து, "பொண்ணு நல்லா வெளக்கிச் சொல்லிச்சா?" என்று கேட்பார். விதவிதமான வீடுகளுக்குள் போய் வருவது எனக்குப் பிடித்திருந்தது. பில் கவுன்டரிலிருந்து பார்த்தால் எதிரே உள்ள செருப்புக் கடை மட்டும்தான் தெரியும்.

பீரோவுக்குள் வைஃபை

ஆரம்பாக்கத்தில் வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பம். மகன் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன். அவன் ஆசைப்பட்டு ஸ்பீக்கர் வாங்கியிருந்தான். பாட்டு இரண்டு வரி வரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஒரு வரி வரும். ஆப்பில் தரத்தைக் குறைத்து வைத்தால் ஒழுங்காக ஓடியது. லாஸ்லெஸ்ஸுக்கு மாற்றினால் நின்றது. அனுப்புவது அதிகம் என்பதால் அதற்கு வைஃபை சீராக வர வேண்டும். வைஃபை பெட்டியைத் தேடினேன். கூடத்தில் இல்லை, மாடியில் இல்லை. சுவரோரமாக ஒரு ஒயர் மட்டும் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், அது இரும்பு பீரோவின் முதுகில் துளைத்திருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது.

பீரோவைத் திறந்தார்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவில், வைஃபை பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான்கு பக்கமும் இரும்பு என்றால் சிக்னல் எப்படி வெளியே வரும் என்று விளக்க வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. பெட்டியை எடுத்து டிவி மேசையில் வைத்தேன். பாட்டு நிற்காமல் ஓடியது. வீட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் மனைவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பெட்டியையும் வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "நைனா, பாட்டு நின்னு நின்னு வந்தா இன்னா, பொருளு பத்தரமா இருந்துச்சுல்ல?"

யார் காதுக்கு?

திருவள்ளூரில் குளத்துத் தெருப் பக்கம், கோயில் கைங்கரியத்தில் இருக்கும் ஒரு மாமா. விடியற்காலையில் பாராயணம் கேட்பது வழக்கம். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரை இணைத்துவிட்டு, ஆப்பில் ஒலித் தரத்தை மாற்றினேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: சந்தா கட்டினால் மட்டும் போதாது. வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக உள்ளே போய் மாற்ற வேண்டும். பாதிப் பேர் மாற்றுவதில்லை. மாமாவும் மாற்றவில்லை.

மாமா விடாமல் கேட்டார். "ஏம்மா, இத்தனை நாளா இதுல எதையோ எடுத்துண்டிருந்தான்னு சொல்றியே, எதை எடுத்தான்?"

"காதுக்குக் கேக்காததை மட்டும்தான் மாமா எடுப்பாங்க" என்றேன். எனக்கு அதுவே நீளமான பேச்சு.

"யார் காதுக்கு?"

"நம்ம காதுக்கு."

மாமா உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார். மாமியைக் கூப்பிட்டு அருகில் நிற்க வைத்துக்கொண்டு, ஏதோ வழக்கில் தீர்ப்புச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "நமக்குக் கேக்கலேன்னா போறது. பெருமாளுக்குக் கேக்குமோன்னோ?"

குமரேசன் அண்ணன் போன் செய்தபோது, பெண் விளக்கினாளா என்ற கேள்விக்கு மாமா, "நான்தான் அவளுக்கு விளக்கினேன்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் உடனே என்னைக் கூப்பிட்டு, பில் கவுன்டர் நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

கவரைப்பேட்டை கச்சேரி

டயர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்வேலி, அதற்குப் பின்னால் தண்டவாளம். ஒலி சிதறக் கூடாதென்று கனமான திரை, தரைக்குக் கம்பளம், தடித்த கேபிள் என்று எதிலும் அவர் குறை வைக்கவில்லை. எல்லாம் சரிபார்த்து முடித்ததும் என்னை எதிரே உட்காரச் சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் ஒன்றை ஓட விட்டார். மெல்லிய ஆரம்பம். இந்த இடத்தில்தான் டெமோ பேச்சைத் தொடங்க வேண்டும். துணிந்து வாயைத் திறந்தேன். சரக்கு ரயில் வந்தது.

அது போகும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தோம். மறுபடி முதலிலிருந்து வைத்தார். மறுபடி வாயைத் திறந்தேன். எதிர்ப்பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வந்தது. கம்பளத்தில் இருந்த தண்ணீர் சொம்பு கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே இருந்து அவர் மகள், "நைனா, டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டாள். மூன்றாவது முறை மின்சார ரயில். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாட்டுலதாம்மா கொறையும், கூடும். ரயிலு பாரு, ஒரு பொட்டிகூடக் கொறையாம முழுசா வந்துகினு கீது."

மேனேஜர் சாரின் மூடிய கண்கள்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மேனேஜர், எங்கள் கடையின் பெரிய வாடிக்கையாளர், அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்கள் பாட்டு கேட்க வருகிறார்கள், அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். "இந்த ஊட்ல பேசு. இதான் கடேசி. பேசினாப் போதும்னு குத்தங்கித்தம் சொல்லிடாத, மனுஷன் ஆசையா வாங்கினது" என்று அண்ணன் அனுப்பி வைத்தார்.

எனக்குப் பேச வாய்ப்பே வரவில்லை. மேனேஜர் சார்தான் பேசினார். வீணைப் பாட்டு ஒன்றை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்க. நரம்புல விரல் உரசுது பாருங்க. இதெல்லாம் ப்ளூடூத்ல வருமா? அதுல பாதி போயிடும். லாஸ்லெஸ் வந்த நாள்லேருந்து வேற எதையும் காது ஏத்துக்க மாட்டேங்குது."

நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். ப்ளூடூத்துக்கான நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்ட்ரீமர், அதாவது இணையத்திலிருந்து பாட்டை நேராக எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி, விளக்கே இல்லாமல் கிடந்தது. அதன் பிளக் தரையில். பிளக் இருக்க வேண்டிய இடத்தில் கொசு மருந்து மெஷின். ஸ்ட்ரீமர் போனில் காட்டாததால், காட்டிய இன்னொன்றை அவர் தொட்டிருக்கிறார். அதுதான் ப்ளூடூத்.

சொன்னால் குற்றம் சொன்னதாகும், பில் கவுன்டர். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கண்ணில் அந்த நீல விளக்கு படும். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சார், இது ப்ளூடூத்லதான் ஓடுது."

சாரின் மனைவி, மேடம், அப்போதுதான் டீ கொண்டு வந்தார். சார் நீல விளக்கைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்தார். "கொசு புடுங்குதுன்னு நாந்தான் அந்த டப்பாவைக் கழட்டினேன். ரெண்டு வாரம் இருக்கும்" என்றார் மேடம். நான் அவசரமாகக் குனிந்து ஸ்ட்ரீமரை மாட்டி, தரத்தைச் சரிசெய்து, அதே வீணையை மறுபடி ஓட விட்டேன். மேடம் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, சார் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அப்போ ரெண்டு வாரமா நீங்க கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டுனது எதுக்கு, கொசு மெஷினுக்கா?"

வெளக்கிச் சொல்லிச்சா?

மறுநாள் குமரேசன் அண்ணன் என்னை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு மேனேஜர் சாருக்குப் போன் செய்தார். "பொண்ணு நல்லா வெளக்கிச் சொல்லிச்சா சார்?"

"எதுவுமே சொல்லல" என்றார் சார் சட்டென்று. "ஒரு வார்த்தைகூடப் பேசலை. வந்தாங்க, பார்த்தாங்க, போயிட்டாங்க."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நானாக வாயைத் திறந்து பேசியிருக்கிறேன், அதையும் பேசவில்லை என்று ஒருவர் சாதிக்கிறார். மறுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சார் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றாங்களே என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர், அவங்க வீட்டுக்கும் இவங்களையே அனுப்புங்க. அவங்களும் லாஸ்லெஸ் லாஸ்லெஸ்னு சொல்லிட்டுத் திரியறாங்க. பார்த்துட்டு அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். என்ன இருந்துச்சுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

போனை வைத்துவிட்டு அண்ணன், பில் கவுன்டருக்கு வேறு ஆள் பார்க்கும்படி கடைப் பையனிடம் சொன்னார். என்னிடம் சொன்னது இது: "பேசாம இருக்கறதுக்கே ஆளுங்க உன்ன ஊட்டுக்குக் கூப்புடுறாங்கன்னா, நான் எதுக்குமா பேச்சு ரெடி பண்ணேன்?"

ஆக, என் அனுபவத்தில் எல்லோருக்கும் எதுவும் குறையாத ஒலிதான் வேண்டும், அதைச் சரிசெய்ய வருகிறவள் மட்டும் பார்த்ததில் பாதியைச் சுருக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.