கலப்பு மேசை

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்ஜின்லயா?" என்பதுதான். இல்லை, பயணிகளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைக்கிற வேலை என்பேன். "அதுக்குன்னு ஒரு ஆளா?" என்பது இரண்டாவது கேள்வி. கல்யாணமான புதிதில் எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆசியக் கடல்களைச் சுற்றி வருகிற உல்லாசக் கப்பல் அது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று ஒரு தாள் இவர் கைக்கு வரும். இவருடைய கப்பலில் சீனர்கள்தான் அதிகம். அப்புறம் ஜப்பானியர், கொரியர், ஆஸ்திரேலியர். மெனுவை எந்தெந்த மொழியில் அச்சடிப்பது, ஒலிபெருக்கியில் எந்தெந்த மொழியில் பேசுவது என்பதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். பேச்சுத்துணை இல்லாமல் யாரும் முழிக்கக்கூடாது என்று ஒரே மொழிக்காரர்களை ஒரே மேசையில் சேர்ப்பது இவர் பொறுப்பு. ஒரு மேசைக்குத் தேறாத நாட்டுக்காரர்கள் மிஞ்சுவார்கள் இல்லையா, அவர்களையெல்லாம் அள்ளி, கடைசி ஜன்னலோரம் இருக்கிற வட்ட மேசையில் போட்டுவிடுவார். அதற்குப் பெயர் கலப்பு மேசை.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித் தேறியவர் இவர். கப்பலில் தட்டுக் கழுவப் போய், கதவோரம் நின்று கேட்டுக் கேட்டே ஏழெட்டு மொழிகளில் பேசக் கற்றுக்கொண்டார். வாங்க, உட்காருங்க என்பதோடு நிற்கவில்லை. முட்டிவலி எப்படி இருக்கு, பேரப்பிள்ளை போன் பண்ணினானா என்பதுவரை வரும். ஒரு ஜப்பானியப் பெரியவர் இவர் வந்து இரண்டு வார்த்தை பேசினால்தான் சாப்பிடவே ஆரம்பிப்பாராம். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே எரிச்சலும் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் வீட்டுக்கு வந்தால் மனிதர் வாயே திறக்க மாட்டார். லீவில் வந்த முதல் வாரம் முழுக்கத் தூக்கம். அதற்கப்புறம் பால்கனிக் கொடியில் காய்கிற துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் "ம்". வற்புறுத்திக் கேட்டால் "பாக்கலாம்". வாய் வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னார், நான் நம்பவில்லை. "மாமாவுக்குப் பேசறதுக்குத்தான் சம்பளம். வீட்ல ஓசியில எப்படிப் பேசுவாரு?" என்பான் என் தம்பி. நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

கப்பலிலிருந்து போன் வந்தாலும் இரண்டே கேள்விதான். "சாப்டியா? பாப்பா தூங்கிட்டாளா?" மூன்றாவது வருவதற்குள் லைன் போய்விடும், இல்லாவிட்டால் அவர் தூங்கிப்போயிருப்பார். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனை வைக்காமல் இருந்திருக்கிறேன். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் நாள் முழுக்க யார் யாரோ இருமலையும் வயிற்றுவலியையும் என்னிடம் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒருவருடைய குரல். அது எங்கேயோ நடுக்கடலில் ஊர் பேர் தெரியாதவர்களிடம் முட்டிவலி விசாரித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான் முட்டி வலிக்கிறது.

இந்த முறை அவருடைய ஒப்பந்தம் முடிகிற சமயம். புதுப்பிக்கிற தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் கப்பல். போடாவிட்டால் வீடு. எங்கள் தெருமுனை ஓட்டலில் மேனேஜர் வேலைக்கு நல்ல ஆளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் வேலை முடிந்தால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். போனில் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். கம்பெனி, குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு பயணம் இலவசமாகக் கொடுக்கும். பாப்பாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, நேரிலேயே கேட்டுவிடுவது என்று கப்பல் ஏறிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு அறை வாசலில் கறுப்புக் கோட்டு போட்டு நின்றிருந்தார். கல்யாண போட்டோவில்கூட மனிதர் அவ்வளவு அழகாக இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே இடுப்பை வளைத்து, "குட் ஈவினிங், மேடம். வெல்கம்" என்றார்.

"என்னங்க இது?" என்றேன்.

"திஸ் வே, ப்ளீஸ்."

கூட்டிக்கொண்டு போய்க் கலப்பு மேசையில் உட்காரவைத்தார். நாற்காலியைத் தள்ளிக் கொடுக்கிற சாக்கில் குனிந்து, "இங்க தமிழ் பேசக்கூடாது. சூப்பர்வைசர் பாக்கறாரு" என்று முணுமுணுத்தார். தாளில் பெரிய கணக்காக ஏறிய மொழிகளைத் தவிர, பயணிகள் முன்னால் ஊழியர்கள் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டுமாம். தங்களுக்குள் குசுகுசுத்தால் பயணிகள் தப்பாக நினைப்பார்களாம். எங்கள் நாட்டிலிருந்து அந்தப் பயணத்துக்கு வந்தவள் நான் ஒருத்திதான். நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதற்காகக் கட்டின பெண்டாட்டியை மிச்சம் மீதியோடு சேர்ப்பார்களா?

அந்த மேசையில் தங்கப்பல் கட்டிய மங்கோலிய அம்மா ஒருவர், தனியாக வந்திருந்தார். ஃபின்லாந்துக் கிழவர் ஒருவர். கென்யாவிலிருந்து ஒரு புதுமண ஜோடி, அவர்களுக்கு ஒருவரை ஒருவர் பார்க்கவே நேரம் போதவில்லை. மங்கோலிய அம்மா தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். நானும் சளைக்காமல் தமிழில் என் கதையைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரொட்டிக்கூடை எங்களுக்குள் போய்ப் போய் வந்தது.

மறுநாள் மதியம் அவருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. பயணிகள் அறைக்கு ஊழியர்கள் வரக்கூடாது. அவருடைய அறையிலோ இன்னும் மூன்று பேர். அதனால் அழுக்குத் துணி மூட்டைகள் குவித்திருந்த பின்பக்கப் படிக்கட்டில் சந்தித்தோம். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா எப்படி இருக்கா?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எழுப்பியிருக்கலாம். காலர் அழுத்திக் கழுத்தில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. எத்தனையோ ராத்திரி போனில் கேட்ட அதே மூச்சு, இப்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எங்கோ மணி அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

அதற்கப்புறம் துறைமுகம், ஆள் இறங்க, ஆள் ஏற என்று அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. சாப்பாட்டு அறையை விட்டால் வேறு வழியில்லை என்று ஆனது. என் டம்ளரில் தண்ணீர் ஊற்ற வந்தபோது, தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க. நீங்க இல்லாம என்னால முடியல."

சூப்பர்வைசர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். "சர்ட்டன்லி, மேடம். ஐ வில் செக்" என்றார் இவர். பாக்கலாம் என்பதற்கு இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

சொல்லிவிட்டு நேராக ஜப்பானியர் மேசைக்குப் போனார். ஒரு பாட்டியம்மா பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார், அந்த அம்மா சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. பேசாமல் ஜப்பானில் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது. மங்கோலிய அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஆமாம் என்று தலையாட்டினேன். பட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, தன்னுடைய நாப்கினை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கடைசி நாள் மதியத்தோடு கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள் என்று என் அறையைச் சுத்தம் செய்கிற பெண் சொன்னாள். போட்டாரா இல்லையா என்று யாரிடம் கேட்பது? பெட்டியை அடுக்கிவைத்துவிட்டு, பசியில்லாமல் போய்க் கலப்பு மேசையில் உட்கார்ந்தேன்.

கடைசிச் சாப்பாட்டில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இவர் மைக்கோடு மேசை மேசையாகப் போய், அவரவர் மொழியில் நன்றி சொல்லி, மறுபடியும் வாருங்கள் என்று குனிந்து வணங்குவார். அன்றைக்கு மட்டும், ஒரே ஒரு ஆள் பேசுகிற மொழியாக இருந்தாலும் விட்டுவிடக்கூடாது என்பது கப்பலின் சட்டம். சீனர்கள் கைதட்டினார்கள், ஜப்பானியர்கள் எழுந்து நின்று பதிலுக்கு வணங்கினார்கள். எங்கள் மேசைக்கு வந்து, எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்ட மங்கோலிய வார்த்தைகளைச் சொன்னார். ஃபின்லாந்துக் கிழவருக்கும் ஜோடிக்கும் ஆளுக்கொரு வரி. அப்புறம் என் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"எங்களோட பயணம் செஞ்சதுக்கு ரொம்ப நன்றி, மேடம்." எல்லா மேசையிலும் சொன்ன அதே இழுவை, அதே சிரிப்பு. என்னை ஒருநாளும் நீங்க என்று கூப்பிடாதவர். "உங்களை இந்த மேசையில தனியா உக்கார வச்சதுக்கு மன்னிக்கணும். இங்க மட்டும் இல்ல, இத்தனை வருஷமா வீட்லயும் தனியாத்தான் உக்கார வச்சிருக்கேன். எல்லாரையும் மறுபடி வாங்கன்னு கூப்பிட்டேன். நீங்க வர வேணாம். நான் கையெழுத்துப் போடல. இந்த மாசக் கடைசியில நானே வந்துடறேன்."

கடைசியில் குரல் கொஞ்சம் பிசிறியது. மைக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

இடுப்பை வளைத்து வணங்கினார். அறை முழுக்கக் கைதட்டியது, சூப்பர்வைசரும் தட்டினார். என் கைகள் மடியிலேயே கிடந்தன. மங்கோலிய அம்மாதான் என் இரண்டு கைகளையும் எடுத்துச் சேர்த்துவைத்து, சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோலத் தட்டிவிட்டார்.