மேல வீட்டுக்காரர் எறிந்த கல்

வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. மனிதனுக்கு எடுத்தால் அர்த்தம் உண்டு. வண்டிக்கு எடுத்தால் போலீஸ்காரரிடமாவது காட்டலாம். தேவாரத்தில், மலை அடிவாரத்தில், அது பாட்டுக்கு நிற்கிற ஓட்டு வீட்டுக்கு எதற்கு? ஆனால் முன்கட்டை எடுத்துக் கட்ட வங்கியில் கடன் கேட்டபோது, பாலிசி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். "பேருதான் சார் ஓட்டு வீடு, எங்கயும் ஓடாது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் போடியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன்.

போன மே மாதம் ஒரு சாயங்காலம் அந்த ஓட்டு வீடு பாதி ஓடிப்போனது.

மேற்கே மலை கறுத்தபோது, வழக்கம்போல மழை நாலு சொட்டுப் போட்டுவிட்டுக் கேரளாவுக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதலில் காற்று. பிறகு முற்றத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு பனிக்கட்டி. எங்கள் பக்கம் இதைக் கல்லு மழை என்போம். சின்ன வயதில் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வோமே, அதே கல். ஆனால் அன்றைக்கு விழுந்தது வாயில் போடுகிற அளவில் இல்லை. மண்டையைப் பிளக்கிற அளவில் விழுந்தது. பத்து நிமிடம்தான். மழை விட்டதும் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரையில் இருபது இடத்தில் வானம் தெரிந்தது.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. மேட்டில் அவன் வீடு, அதை ஒட்டி இறக்கத்தில் என் வீடு. ஊருக்கு அவன் மேல வீட்டுக்காரர், நான் கீழ வீட்டுக்காரர். எங்கள் சொந்தப் பெயர்கள் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கின்றன. நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் பி.காம். போட விட்டுப்போயிற்று. அச்சகத்தின் தப்புதான். அதை அவனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நானோ, "பி.காம். இல்லாட்டி இவன் தம்பி இல்லையா?" என்று பந்தலில் நாலு பேர் முன்னால் கேட்டுத் தொலைத்தேன். அவன் சாப்பிடாமல் போனான். பெண்டாட்டிகள் இருவரும் சுவருக்கு மேலே கொத்தமல்லிக் கட்டும் பேச்சும் பரிமாறிக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் இருவர்தான் எதிரெதிரே வந்தால் ஆகாயத்தை ஆராய்வோம்.

பேச்சு இல்லையே தவிர, கேடு நினைத்ததில்லை. அவன் மீது எனக்குப் பாசம்தான். என்றைக்காவது ஒருநாள் பேசிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் பேசுவது அவனாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

மறுநாள் காலையில் பாலிசியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் வந்தாள். பட்டணத்துத் தமிழ், நல்ல மரியாதை.

"சேதத்துக்குக் காரணம் என்ன சார்?"

"கல்லும்மா. கல்லு விழுந்து ஓடு பூராம் போச்சு."

"கல்லா? யார் சார் போட்டாங்க?"

இப்படி ஒரு கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது. என் வாய் சும்மா இருக்குமா? "வேற யாரு? எல்லாம் மேல இருக்காரே, அவருதான்" என்றேன், கடவுளை நினைத்துக்கொண்டு.

"மேல் வீட்டுல இருக்கிறவரா சார்?"

லைன் கரகரத்தது. 'மேல் உலகத்துல' என்று கேட்பதாக என் காதில் விழுந்தது. "ஆமாம்மா, அவரேதான். அவரு நெனச்சா யாரு என்ன செய்ய முடியும்?"

"முன்விரோதம் ஏதாவது இருக்கா சார்?"

நன்றாக விளையாடுகிறாளே என்று சந்தோஷமாகிவிட்டது. அபூர்வமாக ஒருத்தி என் நகைச்சுவைக்கு ஈடு கொடுக்கிறாள். "இருக்கும்மா. ரொம்ப நாளா கோயில் பக்கமே போகல" என்றேன். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் குறுஞ்செய்தி வந்தது. 'சேதத்தின் காரணம்: மேல் வீட்டுக்காரர் முன்விரோதத்தால் கல் எறிந்தது. காவல்துறைப் புகார் நகல் சமர்ப்பிக்கவும். எங்கள் சேத ஆய்வாளர் விரைவில் வருவார்.'

 சென்னையிலோ எங்கோ உட்கார்ந்திருக்கும் அவளுக்கு மேல் வீடு என்றால் மாடிக் குடித்தனம். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. நாக்கில் சனி என்பது இதுதான். மறுபடி போன் போட்டேன். இந்த முறை வேறு ஒருவர். பதிவு செய்ததை மாற்ற முடியாது, ஆய்வுக்கு வருபவரிடம் சொல்லுங்கள் என்று முடித்துக்கொண்டார்.

பாலிசியை நகல் எடுக்கப் போன இடத்தில், போதாக்குறைக்கு, ஜெராக்ஸ் கடைக்காரர் என் போனில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார். ஊர் வம்பையும் அவர் நகல் எடுப்பார். "சார், ஒங்களுக்கும் மேல வீட்டுக்காரருக்கும்தான் ஆகாதே. பேசாம ஸ்டேசன்ல ஒரு மனு குடுத்துருங்க. காரியம் சட்டுனு முடிஞ்சிரும்ல?" என்றார்.

"வாய மூடுய்யா" என்றேன். ஆனால் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், மனது அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஓடு போனால் கம்பத்திலோ தேனியிலோ வாங்கிக்கொள்ளலாம். தம்பியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டால், அப்புறம் அவன் என் சாவுக்குக்கூட வரமாட்டான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் போயி மேல வீட்டுக்காரி காதுல ஒரு வார்த்த போட்டு வச்சிரட்டா?"

"வேணாம். நானே பாத்துக்கிறேன்" என்றேன். நானே பார்த்துக்கொண்ட காரியம் எதுவும் உருப்பட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் தன் பங்குக்குக் கல்லைச் சாட்சிக்கு வைத்திருந்தாள். டிபன் டப்பாவில் நாலைந்து பனிக்கட்டிகள், குளிர்சாதனப் பெட்டியின் மேல் அறையில். ஆனால் இடியில் டிரான்ஸ்பார்மர் போய், இரண்டு நாள் கரண்ட் இல்லை. டப்பாவில் இருந்தது சுத்தமான தண்ணீர்.

நாலாம் நாள் மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்தார். நேராக என் வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனிதர் ஜெராக்ஸ் கடையில் வண்டியை நிறுத்தி, "இங்க கல் எறிஞ்ச மேல் வீட்டுக்காரர் வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து காட்டியிருக்கிறார்.

சத்தம் கேட்டு நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மேட்டில் ஏறினேன். தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்து கிடந்தது. ஆய்வாளர் கையில் பேனாவும் படிவமும்.

"சார், நான்தான் பாலிசிதாரர். இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

தம்பி என்னைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்த்துச் சொன்னான்: "சார், அவுககிட்ட கேளுங்க. நான் கல்லெறிஞ்சத அவுக பாத்தாகளா?"

நானும் ஆய்வாளரையே பார்த்தேன். "அவன் எறியலன்னு சொல்லுங்க சார். நான் அவனச் சொல்லல, கடவுளச் சொன்னேன்."

"கடவுளுக்கும் அவுகளுக்கும் முன்விரோதமான்னு கேளுங்க சார்."

"ஆமாம்னு சொல்லுங்க."

ஆய்வாளர் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிக் களைத்துப்போனார். "ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துலதான நிக்கிறீங்க?" என்றார். நான் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். போன் பேசிய பெண், மேல இருக்கிறவர், கோயில் பக்கம் போகாதது. அவர் சிரித்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக என் பேச்சுக்கு ஒரு அதிகாரி சிரித்தபோது எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"சரி சார், நம்புறேன். ஆனா எழுதுறதுக்கு ஆதாரம் வேணுமே. ஆலங்கட்டி மழைன்னா கட்டி எங்க?"

பின்னாலேயே வந்திருந்த என் மனைவி டப்பாவை நீட்டினாள். அவர் திறந்து பார்த்துவிட்டு, "இது தண்ணிம்மா" என்றார். "நாலு நாளைக்கு முன்னாடி கல்லு சார்" என்றாள் அவள்.

"போட்டோ, வீடியோ ஏதாச்சும்?"

எங்களிடம் இல்லை. தலைமேல் கல் விழும்போது யார் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?  தம்பி தரையைப் பார்த்தபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாருங்க" என்று ஆய்வாளரிடம் கொடுத்தான்.

அவர் குறைக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்க, நானும் எட்டிப் பார்த்தேன். தம்பியின் தாழ்வாரத்திலிருந்து எடுத்தது. அவன் வீட்டுத் தகரத்தில் கல் விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. படத்தில் இறக்கத்தில் என் வீட்டுக் கூரை. ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. வெள்ளைக் கட்டிகள் துள்ளி விழுவது தெளிவாகத் தெரிந்தது. ஆய்வாளர் தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் கிளெய்ம் பாஸானது அந்த இடத்தில்தான். தேய்மானம், அது இது என்று கழித்துக்கொண்டு ஒரு மாதத்தில் பாதிக்குச் சற்று மேல் கொடுத்தார்கள், சாரல் வலுக்கும் முன்னால் ஓடும் மாற்றியாகிவிட்டது. ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

ஏனென்றால் படம் ஆடத் தொடங்கியது. போனைப் பிடித்திருந்தவன் ஓடுகிறான். தாழ்வாரத்தை விட்டு வெளியே வந்துவிட்டான். கல் அவன் மேலேயே விழுந்திருக்க வேண்டும், 'ஆ' என்று ஒரு சத்தம். அப்புறம் தொண்டை கிழிகிற மாதிரி என் தம்பியின் குரல்.

"அண்ணே! அண்ணே! ஓட்டுக்குக் கீழ நிக்காதீக! கட்டிலுக்கு அடியில போங்கண்ணே! மதினிய இழுத்துக்கிட்டுப் போங்க! அண்ணே, கேக்குதா? அண்ணே!"

பிறகு வெறும் மண்தரை. படம் முடிந்துவிட்டது.

 கடைக்காரர் கடையைத் திறக்க நழுவிவிட்டார். ஆய்வாளர் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஓடுகளை எண்ணுவதாகச் சொல்லி இறக்கத்தில் இறங்கினார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

நாலு வருடமாக அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று நான் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். அவன் பேசிவிட்டான். ஒரு தரம் இல்லை, ஐந்தாறு தரம் கூப்பிட்டிருக்கிறான். நாலு நாளாக என்னிடமிருந்து பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பதிலுக்குப் போய்ச் சேர்ந்ததோ, அவன் கல்லெறிந்தான் என்று ஒரு படிவம். அவன் நெற்றியோரத்தில் காய்ந்துபோன ஒரு காயம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நேருக்கு நேர் பார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

"எனக்குக் கேக்கலடா" என்றேன்.  "அந்த மழ இரைச்சல்ல, சத்தியமா எனக்குக் கேக்கலடா."

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பக் கேட்டுருச்சுல்லண்ணே" என்றான்.