லாலாங் புல் டயரில் மேடு ஏறிய வீரையா மாமா

சைக்கிள் கடை வீரையா மாமா காலமாகிவிட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே.

வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது பொட்டலம். மாமா பார்த்திருந்தால் மானத்தை வாங்கியிருப்பார்…

லோபா பக்கத்து ஆட்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எண்பத்தெட்டு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு, வாய்க்குப் பூட்டே கிடையாது.

எனக்கும் அவருக்கும் உறவை ஏற்படுத்தியது என் தொப்பை. டாக்டர் மிரட்டியதால் ஆன்லைனில் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டு, காற்றடிக்க மட்டும் வெட்கமில்லாமல் இவர் கடைக்குப் போனேன்.

"எத்தன கியர்லா இது?"

"இருபத்தேழு மாமா."

"காலு ரெண்டுதான இருக்கு ஒனக்கு?"

எங்கள் சைக்கிள் குரூப்பில் அப்போது மேடு ஏறும் பயிற்சி ஆரம்பித்திருந்தார்கள். "மாமா, ரொம்ப ஏத்தமில்லாத மேடா ஒண்ணு சொல்லுங்களேன்" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுத்தி மேடாத்தான் கெடக்கு, ஒனக்கு ஏற மனசில்ல. எனக்கு ஒரு காலத்துல ஏறணும்னு வெறி. கண்ணு முன்னால மேடு நிக்குது, போக முடியாது."

அப்படித்தான் அந்தக் கதை வெளியே வந்தது. நாலைந்து முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேடு கொஞ்சம் உயரும். மற்றதெல்லாம் மாறாது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி ஆண்டுகள், எமர்ஜென்சி காலம். பகாவ் டவுன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, தோட்டத்து ஜனங்களை ஒரே இடத்தில் குடிவைத்து, லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பால்மரம் சீவ லாரியில் போக வேண்டும், லாரியிலேயே திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு கேட் மூடும். ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள்.

மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவருடைய அக்காவைப் பகாவுக்குப் போகும் வழியில் வேறொரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாசமாக இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் தகவல் இல்லை. போய்ப் பார்த்து வர பாஸ் கேட்டார். கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் தோட்டத்துக்கு ஒரு தபால்காரன் தேவைப்பட்டான். தினமும் சைக்கிளில் பகாவுக்குப் போய்த் தபால் எடுத்துவந்து, குன்றின் உச்சியில் இருந்த துரை பங்களாவில் சேர்க்க வேண்டும். அதற்கு மட்டும் வெளியே போக பாஸ் உண்டு. இறங்கித் தள்ளாமல் பங்களா மேட்டை ஏறுகிறவனுக்கே வேலை என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவகாசம்.

மேடு வேலிக்கு வெளியே. மாமா வேலிக்கு உள்ளே.

உள்ளே தரை தோசைக்கல் மாதிரி இருக்குமாம். வேலியோரம் யாரும் ஒளிந்துவிடக் கூடாதென்று புல்லையெல்லாம் வெட்டித் தள்ளி, வெறும் மணலாக்கி வைத்திருந்தார்கள். "சகாராலா. ஒட்டகம் ஒண்ணுதான் கொறச்சல்" என்பார் மாமா.

போதாக்குறைக்கு, சைக்கிள் பம்புக்குள் அரிசி கடத்துவார்கள் என்று லயத்தில் இருந்த பம்புகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். காற்றிறங்கிய டயரோடு தன் சைக்கிளை அந்த மணலில் மிதித்துப் பார்த்தார். பத்தடி போவதற்குள் தொடை இரண்டும் எரிந்தன.

"அட, மேடு ஏறுனாலும் இப்படித்தான எரியும்னு தோணுச்சு. அப்பறம் காத்தப் பத்தி நான் கவலயே படல."

தினமும் சாயங்காலம் வேலியைச் சுற்றி வந்தார். டியூப் கிழிந்தது. வெட்டிப் போட்ட லாலாங் புல்லை முறுக்கி டயருக்குள் அடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார். லயத்து ஜனத்துக்கு நல்ல வேடிக்கை. "என்னாடா வீரையா, சிங்கப்பூரு வந்துருச்சா?" என்று ஒரு அம்மா தவறாமல் கேட்பாராம்.

போட்டி நாள் வந்தது. அந்த வேலைக்குப் போட்டியிட்ட மற்ற இரண்டு பேருக்கும் ஆபீசில் காற்றடித்துக் கொடுத்தார்கள். மாமாவுக்கோ டியூப்பே இல்லை. கேட்டில் சோதனை செய்த காவலாளி பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் போலீஸ் ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்ததால் விறைப்பாக நின்று டயரை அமுக்கினார். கல் மாதிரி இருந்தது.

"என்னாடா உள்ள?"

"லாலாங்குண்ணே."

"லாலாங்கா? சைக்கிள் வச்சிருக்கியா, மாடு வச்சிருக்கியா?"

"காத்துக்குப் பதிலாண்ணே."

"டேய், அந்தாளு பாக்குறான். அரிசி கிரிசி இருந்தா இப்பவே சொல்லிரு."

பிடி பிடியாகப் புல்லை உருவிப் போட்டார்கள். அரிசி இல்லை. சந்தேகம் தீராமல் ஆபீசர் புல்லை முகர்ந்து பார்த்தாராம். மாமா எழுந்து நின்று அதை நடித்துக் காட்டுவார். கடைக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிடுவார்கள்.

புல்லை மறுபடியும் அடைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, மற்ற இருவரும் பாதி மேட்டு வளைவிலேயே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா ஏறினார். இறங்கவே இல்லை. உச்சிக்குப் போய் துரையின் ரோஜாச் செடியில் வாந்தி எடுத்தார்.

வேலை கிடைத்தது. பாஸும் கிடைத்தது.

முதல் நாளே அக்காவின் தோட்டத்துக்குப் போனார். அங்கேயும் வேலி. இந்த பாஸ் பகாவுக்கு மட்டும்தான், உள்ளே விட முடியாது என்றார்கள். யாரோ சொல்லி அக்கா வேலியோரம் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. இரண்டு வரிசைக் கம்பி. நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலம். கை எட்டாது.

"எளைச்சிட்டியேடா."

"சைக்கிள் ஓட்டுறேன்ல."

அதற்கப்புறம் தினமும் தபால் எடுக்கப் போகும்போது அங்கே நின்றுவிட்டுப் போவாராம்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "எவ்வளவு நாள் மாமா அப்படியே நின்னு பாத்தீங்க?"

என் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் புள்ள தானா நடந்து வேலிகிட்ட வர்ற வரைக்கும்."

நாளை காலை பத்து மணிக்கு அம்பாங்கானில் உள்ள அவர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாங்க மாமா…