ஊருக்கு ஓர் அளவு

திருப்பூரில் திட்டுகிறவர்களும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். விளாத்திகுளத்துக்காரனான எனக்கு அது பிடிபடவே ஒரு வருடமாயிற்று. “ஏனுங்க, காலைலயே ஊத்திட்டு வந்துட்டீங்களா?” என்று சூப்பர்வைசர் பழனிசாமி கேட்டபோது, அந்த மரியாதையில் மயங்கித் தலையாட்டிவிட்டேன்.

அருள்புரத்து பனியன் கம்பெனி ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். மெஷின் பிடித்த கை நடுங்கினால் துணியோடு விரலும் போய்விடும். எனக்கோ சில வாரங்களாக, வேலைக்கு வந்து நின்றதுமே வியர்த்துக்கொட்டிக் கை நடுங்கியது. பழனிசாமி பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். வாடை இல்லை. இன்சுலின் போடுகிறவன் என்று சொன்னதும், சர்க்கரை இறங்கியிருக்குமுங்க என்று, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நடுக்கம் அடங்கியது. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை மெஷினைத் தொட வேண்டாமுங்க என்றார். மரியாதையாகச் சொன்னாலும் வேலை போனால் போனதுதான். ஊருக்குத் திரும்பி, கரிசல் காட்டில் மழைக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

இன்சுலின் ஆரம்பித்தபோதே, உடற்பயிற்சி உண்டா என்று டாக்டர் கேட்டிருந்தார். கிடையாது என்றிருந்தேன். எங்கள் ஊரில் உடற்பயிற்சி என்றால் டிரில் மாஸ்டர் விசில் ஊத வேண்டும். இங்கே, வெள்ளை ஷூ போட்ட முதலாளிமார் காலையில் கைவீசி நடக்க வேண்டும். நான் தினமும் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அருள்புரம் வரை சைக்கிள் மிதிப்பதை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அது வேலைக்குப் போவது.

இந்த முறை போனபோது டாக்டர், ஊசியை எங்கே போடுகிறேன் என்று கேட்டார். தொடையைக் காட்டினேன். எதில் வேலைக்குப் போகிறேன் என்றார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மிதிக்கிற காலில் போட்ட மருந்தை ரத்தம் அவசரமாக இழுத்துக்கொள்ளுமாம்; அதோடு உழைக்கிற உடம்புக்குக் குறைந்த மருந்தே போதுமாம். ஊசியை வயிற்றுக்கு மாற்றி, அளவையும் குறைத்தார்.

“அப்ப சைக்கிள விட்ரட்டுமா சார்?”

“அத மட்டும் உட்றாதீங்க. அதுதானுங்க உங்களுக்குப் பாதி மருந்து.”

நடுக்கம் போனது, மெஷின் திரும்பக் கிடைத்தது. பழனிசாமியைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோதுதான் வேடிக்கை. விருந்தாளி என்று நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. சர்க்கரை எகிறிவிட்டது. அதிலிருந்து ஊருக்குப் போகும் நாட்களுக்கென்று டாக்டர் தனி அளவு சொல்லித் தந்தார். பிறந்த ஊரில் கூடுதல், பிழைக்கிற ஊரில் குறைவு.

அடுத்த கொடைக்கு, காலையிலேயே தம்பியின் சைக்கிளை எடுத்துக் கிளம்பினேன். “எங்கண்ணே போற?” என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். சொந்த ஊரில் எனக்குப் போக ஓர் இடமில்லை. வேலைக்கு என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.