மூக்கில்லாத மாஸ்க்கும் இசக்கியின் காதும்

தண்ணீருக்குள் மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பது சுலபம். காதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதற்குள்தான் ஸ்கூபா வாத்தியாருக்கு உயிர் போய்விடும். கடலே இல்லாத திருப்பூரில் இப்படி ஒரு தொழிலா என்று கேட்பீர்கள். அந்தமானுக்குச் சுற்றுலா போகும் பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு அவிநாசி ரோட்டில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறேன். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து அவஸ்தைப்படும் சக ஜீவன்களே, நான் பட்டதைக் கேளுங்கள்.

மூக்குக்கு இடமில்லை

வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் முதலாளி ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். அவரிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பியதாம். உள்ளே அந்தக் காலத்து டைவிங் மாஸ்க்குகள்: முட்டை வடிவக் கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு ரப்பர். கம்பெனி ஆட்களே அதை மாட்டிக்கொண்டு, புது டீ-சர்ட்டோடு அவருடைய தோட்டத்துக் கிணற்றுக்குள் போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம், காது போகாமல் இறங்க நான் பழக்கிவிட வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆழம் போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால்தான் திறக்கும். இப்போதைய மாஸ்க்கில் மூக்குக்கென்று ரப்பர் பை உண்டு, வெளியிலிருந்தே பிடிக்கலாம். இதில் மூக்கு கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், விரல் எட்டாது. மாஸ்க்கின் அடி விளிம்பை மூக்கோடு அழுத்திக்கொண்டு ஊத வேண்டும். அது எல்லோருக்கும் வராது. புது மாஸ்க்கே தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"புதுசு போட்டா பையர் அப்ரூவல் பண்ண மாட்டானுங்க தம்பி. மூக்கை அப்புறம் பாத்துக்கலாங்க."

கட்டிங் மாஸ்டரின் யோசனை

மூக்கைப் பிடிக்க முடியவில்லை என்ற செய்தி கம்பெனிக்குள் பரவியிருக்கிறது. மறுநாள் கட்டிங் மாஸ்டர் ஒரு மாஸ்க்கைப் பெருமையாக நீட்டினார். ரப்பரில் மூக்களவுக்கு வெட்டி, டீ-சர்ட் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் குட்டிப் பை தைத்து வைத்திருந்தார். தையல் சுத்தமாக இருந்தது. குளத்தில் முக்கியதும் கண்ணாடி வரை தண்ணீர் ஏறிவிட்டது. பல காலம் நீரில் கிடந்து தப்பித்த மாஸ்க், திருப்பூரில் ஒரே நாளில் செத்தது. அவர் அசரவில்லை.

"இது சேம்பிள்தானுங்க. ஓகேன்னு சொல்லுங்க, மிச்சத்துக்கும் இப்படியே அடிச்சுடலாங்க."

வெளியாள் வந்தால்

போட்டோவுக்குத் தேர்வானவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். அத்தனை இரைச்சலிலும் ஓர் ஊசி ஒடிந்தால் சத்தத்தை வைத்தே மெஷினை நிறுத்திவிடுவான் என்று பெயர். அவனுக்குச் சோறு போடுவதே அந்தக் காதுதான்.

குளத்தில் இறங்கப் போனவனைப் பார்த்துப் பதறிவிட்டேன். இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான்! அதோடு ஆழத்துக்குப் போனால் தண்ணீர் அதை உள்ளே தள்ளிவிடும். பிடுங்கி எறிந்துவிட்டு, மெஷினிலும் இதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாயா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. ஆடிட்டுன்னு கம்பெனியச் சோதிக்க வெளியாளு வந்தா மட்டும் போடச் சொல்லுவாவ. நீங்களும் வெளியாளுதான, அதான் போட்டேன்."

கிணற்றுக்குள்

குளத்தில் இசக்கி நன்றாகவே ஊதினான். கிணற்றிலும் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினேன். வலித்தால் ஊதாதே, உடனே மேலே வா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நிற்கும் இடத்திலெல்லாம் என் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சரி என்றே சைகை காட்டினான். போட்டோவும் எடுத்தாயிற்று. மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கிலிருந்து ரத்தம். வலது காதிலிருந்தும் கழுத்தில் இறங்கியது. ஏனப்பா சொல்லவில்லை என்று கத்தினேன்.

"மொதலாளி மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்காவ. பாதியில எப்படி அண்ணாச்சி வர?"

காது டாக்டர்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இசக்கி கேட்டது ஒன்றுதான்: "ஊசி ஒடியுத சத்தம் இனிமே எனக்குக் கேக்குமா அண்ணாச்சி?" முதலாளியும் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

வலது காதில் சவ்வு கிழிந்திருக்கிறது, தானாக ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு இரண்டு காதுகளையும் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "சவ்வு கிழிஞ்சது இன்னைக்கு. ஆனா ரெண்டு காதுமே மெஷின் இரைச்சல்ல வருஷக்கணக்கா மந்தமாயிட்டு வந்திருக்கு. அது திரும்ப வராது. காதுக்கு ஒண்ணுமே போடாமலா வேலை செஞ்சீங்க?"

இசக்கி டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளிதான் நெஞ்சைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அப்ப நம்ம கெணத்தால ஆனது ஒட்டிக்குமுங்களா? அப்பாடா, நான் வேற பயந்தே போயிட்டனுங்க!"

இசக்கியின் காதைக் காப்பாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், ஆனால் கிணற்றுக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள்.