மலையை விட்டுவிட்டு ஏரிக்குப் போனேன்

திருவண்ணாமலையில் ஒரு முழு நாள் இருந்தும் மலை சுற்றாதவர்கள், கோபுர வாசலைக்கூட மிதிக்காதவர்கள் என்று யாராவது ஒரு சங்கம் ஆரம்பித்தால், அதற்குத் தலைவியாக நிற்க எனக்கு முழுத் தகுதி உண்டு. 2006 தை மாதம், பொங்கல் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை போனேன். ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் பஸ் நேரத்தை மட்டும் சொன்னால் இந்தப் பதிவு பாதிதான் புரியும். அதனால் முதலில் வீட்டுக் கதை.

போன சித்திரையில் என் கணவர் இறந்துபோனார். மாரடைப்பு. அதற்கு முன்பே ஓர் அரசு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தேன். பரீட்சை ஹாலுக்கு அவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். தேர்வு முடிவு வருவதற்குள் அவர் போய்விட்டார், தை பிறந்ததும் வேலை உத்தரவு வந்தது. இளநிலை உதவியாளர், திருவண்ணாமலை, வேங்கிக்காலில் உள்ள ஓர் அலுவலகம். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் போகக் கூடாது. "மலை மிதிக்கக் கூடாது" என்பார்கள். என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், அதைப் பிடித்துக்கொண்டார். "வருஷம் திரும்பாம மலை மிதிக்கக் கூடாதும்மா. அந்த ஊர்ல சாமியே மலைதான். எங்க காலை வெச்சாலும் மலையாச்சே? மூணு மாசம் பொறு." மூன்று மாதம் பொறுத்தால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். அது அவருக்கும் தெரியும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தம்பி மனைவி தனி ஊரில் தனி வீட்டில் இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் அவருக்கு. அந்த நாலு பேரை நான் அதுவரை பார்த்ததில்லை.

வாய்ச்சண்டையிலேயே ஒன்பது நாள் கழிந்தது. பத்தாம் நாள் சொன்னேன்: "மலைக்குப் போகல மாமா. ஊரைப் பாத்துட்டு வந்து முடிவு சொல்றேன். அங்க ஏரி இருக்கு, அதைச் சுத்திட்டு வரேன். ஏரிக்குப் போகக் கூடாதுன்னு எந்தச் சாஸ்திரத்துலயும் இல்லையே?" "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடணும்" என்று மட்டும் சொன்னார். உத்தரவையும் சான்றிதழ்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

எங்கள் ஊர் வேலூர், பஸ் நிலையத்தில் காலை 6.10க்கு வண்டி. டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். கண்ணமங்கலம், போளூர் வழியாக எண்பது கிலோமீட்டருக்குச் சற்று கூடுதல். இடது பக்க ஜன்னல் பிடித்தால் வெயில் முகத்தில் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். போளூர் தாண்டியதும் எதிரே மலை தெரிய ஆரம்பிக்கும், பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் கையைத் தூக்கிவிட்டேன், பழக்கதோஷம். பிறகு சும்மா முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

ஊருக்குள் போகும் முன்பே வேங்கிக்கால் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் என்று நடத்துனர் குரல் கொடுப்பார், அங்கேயே இறங்குங்கள். 8.45 ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் நாலு இட்லி, ஒரு வடை, காபி, பதினாறு ரூபாய். சட்னியில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது, ஆனால் சாம்பார் அமர்க்களம்.

வெளியே ஆட்டோ. ஓட்டுனர் தாடி வைத்த ஐம்பது வயதுக்காரர், கடைக்காரர் அவரை பாய் என்று கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டர் இல்லாத வண்டியின் ரேட்டைச் சொன்னார். "கிரிவலம் பதினாலு கிலோமீட்டர், எட்டு லிங்கமும் நிறுத்திக் காட்டுவேன், எரநூறு. பௌர்ணமின்னா ஜாஸ்தி, இன்னிக்குக் கம்மிதான்."

"கிரிவலம் வேணாம் பாய். ஏரிக்குப் போகணும்."

"எந்த ஆஸ்ரமம்மா?"

"ஆஸ்ரமம் இல்ல. ஏரி. தண்ணி இருக்குமே, அது."

ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். தனியாக ஒரு பெண், கையில் ஒரு பை, கேட்பதோ ஏரி. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, அதெல்லாம் இல்ல பாய். உக்காந்து வேடிக்கை பாக்கத்தான் போறேன். மத்தியானம் சாப்பாடு வேற சாப்பிடணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இருந்தாலும் இருபது ரூபாய்க்கு ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் வண்டியை எடுக்காமல் நின்றார். நல்ல மனிதர்.

வேங்கிக்கால் ஏரியை இத்தனை காலம் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்திருந்ததால் தண்ணீர் கரை தொட நின்றது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. கரை மேல் வண்டிப்பாதை அகலத்துக்கு நடக்க இடம் உண்டு. ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நடப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். பத்து மாதத்தில் யாரும் என்னிடம் "சாப்டியா, அழுதியா, தூங்கினியா" என்று கேட்காத முதல் இரண்டு மணி நேரம் அது. சந்தோஷமாக இருந்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் எழுதுகிறேன், யாருக்கு வலித்தாலும் சரி.

ஒரே ஒரு தொந்தரவு, தண்ணீர் முழுக்க மலை தலைகீழாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூடையில் வேகவைத்த மல்லாட்டையுடன் ஓர் அக்கா வந்து பக்கத்தில் இறக்கினார். நம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதானே பெயர். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாராம். ஒரு படி ஐந்து ரூபாய். உரித்துக்கொண்டே என் கதையைச் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடம்தான் சில கதைகளைச் சொல்ல முடியும்.

"அதான் மலையில கால் படாம உக்காந்துனுகீறியா?" என்றார்.

"ஆமாக்கா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச? மலை மேல பேஞ்ச மழைதான் ஓடையில எறங்கி இங்க வந்து நிக்குது. ரெண்டு காலையும் முழங்கால் வரிக்கும் உள்ள வுட்டுக்கினு மலை மிதிக்கலன்றியே!"

பதறிக் காலை இழுத்துக்கொண்டேன். அடுத்த நொடி எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நேரமாக மலையைத்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன், வானம் இடிந்து விழவில்லை. மறுபடியும் காலை உள்ளே விட்டேன். "எனக்கும் ஊட்டுக்காரரு இல்ல. மூணாம் நாளே கூடையத் தூக்கினேன். சாஸ்திரம் வந்து அடுப்பு மூட்டுமா?" என்றார் அந்த அக்கா, கணக்குக்கு மேல் ஒரு கைப்பிடி போட்டபடி.

பன்னிரண்டு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் பின்னால் புதிதாகக் கட்டிய வீடுகளில் வாடகை விசாரித்தேன். ஒரு வீட்டம்மா மாடியைக் காட்டி, ஆயிரத்து இருநூறு வாடகை என்று பேசி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "கூட யாரு இருப்பாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். "நாங்க ஃபேமிலிக்குத்தாம்மா விடறது." நான் ஒரு ஆள் இருந்தால் அது குடும்பம் இல்லையாம். மூத்தார் சொன்ன நாலு பேரில் ஒருவரை அன்று நேரில் பார்த்துவிட்டேன். பெரிய பயங்கரமாக ஒன்றும் இல்லை, நைட்டி போட்டிருந்தார்.

டவுனுக்குள் போய் இருபத்தைந்து ரூபாய்க்கு அளவில்லாச் சாப்பாடு சாப்பிட்டேன். ஆத்திரத்தில் இரண்டு தடவை சாதம் வாங்கினேன். நாலரை பஸ்ஸுக்குத் திரும்புவதாகத்தான் திட்டம். திரும்பினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மறுபடி பேச்சு, மறுபடி கண்ணீர், மீதி ஐந்து நாளும் கரைந்துவிடும். இரண்டே முக்காலுக்கு வேங்கிக்கால் அலுவலகத்தில் போய் நின்றேன்.

கண்காணிப்பாளர் உத்தரவைப் பார்த்தார், சான்றிதழ்களைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு நவமிம்மா. நவமியில யாரும் ஜாயின் பண்ண மாட்டாங்க. இன்னும் அஞ்சு நாள் கீதே, புதன்கிழமை நல்லா இருக்கு, வீட்டுல பெரியவங்களோட வாங்களேன்."

அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் பத்துக்கு எட்டுப் பொருத்தம் பார்த்து, வளர்பிறை முகூர்த்தம் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்பது வருடம் கூட முழுதாகக் கிடைக்கவில்லை. நல்ல நேரம் எனக்குச் செய்ததை நவமி செய்துவிடுமா என்ன?

"இப்பவே சேர்றேன் சார்" என்றேன்.

பேனா கொடுத்தார். பணியேற்பு அறிக்கையில் முற்பகல், பிற்பகல் என்று ஒன்றை எழுத வேண்டும். முற்பகல் ஏரிக்குப் போய்விட்டதால் பிற்பகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதம்தான் ஏரிக்கு நல்லது, சித்திரையில் மாடு மேயும். பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், ஆட்டோவும் பஸ்ஸும் நம் பேச்சைக் கேட்காது. கரையில் கருவேல முள் உண்டு, தடித்த செருப்பு வேண்டும். விளக்கு கிடையாது, ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை பஸ் நிலையத்தை விட்டால் இல்லை, ஓட்டலில் கூச்சப்படாமல் கேளுங்கள். கோயிலுக்குப் போகவில்லையா என்று அனைவரும் கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது, எனக்கே இதைப் புரிந்துகொள்ள முப்பத்தாறு வயதாயிற்று. வீடு இன்னும் கிடைக்கவில்லை, இதைப் பெண்கள் விடுதியில் இருந்துதான் எழுதுகிறேன்.

அன்று மாலை நான்கரைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூத்தாருக்குப் போன் செய்து, வேலையில் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். அவர் இறங்கிய குரலில் கேட்டார், "தம்பியோட வருஷ தெவசத்துக்காவது வருவியாம்மா?"

"வருவேன் மாமா. லீவு எழுதிக் குடுத்துட்டு வரேன்" என்றேன்.