154 என்றால் 154

அருந்ததி ரீச்சருக்கு நாற்பத்திரண்டு வயதில் முதுமாணிப் பட்டப் படிப்பு எதற்கு என்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் கேட்காத ஆளில்லை. நானும்தான் கேட்டேன். அரியாலையில் வீடு, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், பதினெட்டு வருடக் கணிதச் சேவை, "அருந்ததி ரீச்சரிட்டைப் படிச்சால் பாஸ்" என்ற பெயர். இவ்வளவும் இருந்தும் மனிசி ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் பல்கலைக்கழகம் போய் எண்சார் பகுப்பாய்வும் விஞ்ஞானக் கணிப்பும் என்ற பாடம் படித்துவந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

நான் மீனாம்பிகை. அதே பள்ளியில் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்குப் பக்கத்து மேசைதான் அவருடையது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் குழப்பமெல்லாம் திங்கட்கிழமை என் தலையில் விடியும்.

முதல் குழப்பம் விரிவுரையாளர் நமசிவாயத்தால் வந்தது. இந்தப் பாடத்தில் கணினி விடையை நெருங்கி நெருங்கிப் போகுமாம். போதுமான அளவு கிட்ட வந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம்.

"போதுமான அளவு எண்டால் எவ்வளவு சேர் எண்டு கேட்டன். அது உங்கடை தேவையைப் பொறுத்தது எண்டுறார். இதென்ன மீனா, கறிக்கு உப்புப் போடுற கதையாக் கிடக்கு!" என்றார் அருந்ததி.

எனக்குச் சிரிப்பு. சதுர சென்ரிமீற்றர் என்று எழுத மறந்த பிள்ளைக்கு அரைப் புள்ளி குறைக்கிற ஆள் அவர். அவருக்கு ஒரு கணக்குக்கு ஒரு விடைதான். 154 என்றால் 154.

பிறகு, வீட்டில் செய்து கொடுக்கவேண்டிய ஒப்படை வந்தது. ஆரை ஒன்றாக உள்ள ஒரு வட்டத்தைக் கணினியில் மெல்லிய கீலங்களாக, பட்டை பட்டையாக வெட்டி, அவற்றின் பரப்புகளைக் கூட்ட வேண்டும். கீலங்கள் கூடக் கூட, கணினியின் விடைக்கும் வட்டத்தின் உண்மையான பரப்புக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து பூச்சியத்தை நோக்கிப் போக வேண்டும். எனக்கே விளங்கிய விஷயம் இது. அருந்ததி நூறு கீலம் வெட்டினார், வித்தியாசம் குறைந்தது. பத்தாயிரம் வெட்டினார், 0.00126இல் வந்து நின்றது. ஒரு லட்சம் வெட்டினார். அதே 0.00126. பத்து லட்சத்துக்கு மடிக்கணினி இரைந்து கொதித்தது, இலக்கம் அசையவில்லை.

மூன்று கிழமை இப்படியே போனது. இடைவேளையில் தேத்தண்ணி ஆறும், ரோல்ஸ் காயும், அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரோடு அதே வகுப்பில் படிக்கிற கிருஷாந்துக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒருகாலத்தில் எங்கள் பள்ளி மாணவன். "காட்டுங்கோ ரீச்சர், நான் ஒருக்காப் பாக்கிறன்" என்று கேட்டானாம். இவர் மடிக்கணினியை மூடிவிட்டாராம்.

"நான் படிப்பிச்ச பெடியனிட்டைப் போய் எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லுறதோ?"

"ஏன், சொன்னால் நாக்கு அழுகிப் போடுமோ?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை, ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "எழுத்துப் பிழை பாத்துத் தாங்கோ மீனா." ஒப்படையை வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுக்காவிட்டால் சோதனை எழுத முடியாது. அதற்கு முன் தானே படிப்பிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம். குடும்பக் காரணங்களால் என்று எழுதியிருந்தார். அவருடைய குடும்பத்தில் ஒரு காரணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். "இப்ப வேலையாக் கிடக்கு, பேந்து பாக்கிறன்" என்று வரவுப் பதிவேட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

வியாழன் இடைவேளை. அவர் பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஆரை 7 சென்ரிமீற்றர் உள்ள வட்டத்தின் பரப்பு என்ன? π = 22/7 எனக் கொள்க. இந்த 22/7 எங்கள் பிள்ளைகளுக்கு நித்திரையிலும் வரும். தமிழ் படித்த எனக்கே வரும். விடை 154.

"இஞ்சை பாருங்கோ, சாருஜா 3.14159 எண்டு போட்டிருக்கிறாள். யூரியூப்பிலை பாத்திட்டு வந்து எழுதுதுகள்." அவளுடைய விடை 153.938. அருந்ததி சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார். இரண்டு புள்ளி போனது.

பேனை அடுத்த தாளுக்குப் போகவில்லை. தாளின் ஓரத்தில் 154இலிருந்து 153.938ஐக் கழித்தார். ஆரை ஒன்றுக்குக் கொண்டுவர, ஏழேழு நாற்பத்தொன்பதால் வகுத்தார். 0.00126.

மடிக்கணினியைத் திறந்தார். நிரலில், உண்மையான பரப்பு என்று அவரே எழுதிய முதல் வரியில், 22/7 இருந்தது. பதினெட்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை, யோசிக்காமல் அங்கேயும் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வசதிக்காக வைத்துக்கொள்கிற கிட்டிய பெறுமானம் அது. உண்மையான π அதைவிடக் கொஞ்சம் சிறியது. அந்த வரியை மாற்றி ஓடவிட்டார். தசமப் புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்கள் வரிசையாக வந்தன.

நான் கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மூண்டு கிழமையாக் கணினி சரியான விடைதான் சொல்லியிருக்கு மீனா. நான்தான் புள்ளி வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்."

சாருஜாவைக் கூப்பிட்டார். பிள்ளை பயந்துகொண்டு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே தான் வெட்டிய கோட்டை அடித்துவிட்டு, இரண்டு புள்ளியைத் திருப்பிப் போட்டு ஒப்பமும் வைத்தார். அவள் தாளைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள்.

"அப்ப 154 பிழையோ ரீச்சர்? சோதினையிலை எதை எழுதுறது?"

அருந்ததி சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

"தெரியேல்லை பிள்ளை," என்றார். பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. "ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்."

"ஆரிட்டைக் கேக்கப் போறியள்?" என்றேன் நான்.

"கிருஷாந்திட்டைத்தான்."

நான் பதிவேட்டுக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்து அவர் கண் முன்னால் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை.